காகிதத்துக்குக் கிடைத்த குளிர்

பத்திரிகைக் காரியாலயமொன்றில் முதன்முதலாகக் குளிரூட்டி பொருத்தப்பட்ட நாள் எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. எண்பதுகளின் இறுதி. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் முடிந்து, கணினியில் எழுத்துக் கோக்கும் காலம் தொடங்கிய வேளை. நான் பணியாற்றிய காரியாலயத்தின் மேல்மாடியில், பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்த ஓர் அறையை வெறுமையாக்கி, சுவருக்கு வெள்ளை பூசி, யன்னல்களை அடைத்து, நிலத்துக்கு விரிப்புப் போட்டு, நான்கு கணினிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கணினிகள் வந்துசேர்வதற்கு ஒரு வாரம் முன்னதாகவே குளிரூட்டி வந்துவிட்டது. உத்தரவின்றி உள்ளே வரக்கூடாது, கதவைத் திறந்து வைக்கக்கூடாது என்று கதவில் ஓர் அறிவித்தலும் ஒட்டப்பட்டது.

அந்தக் கதவுக்கு வெளியே ஆசிரியபீடத்தில் நாங்கள் இருபது பேர்வரை இருந்தோம். மேலே அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. மூன்று மின்விசிறிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று சுழன்றால் மேசையிலுள்ள தாள்களெல்லாம் பறக்கும் என்பதால் நாங்களே அதை நிறுத்தி வைத்திருந்தோம். மார்ச், ஏப்ரல் மாதங்களிற் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எழுதுவதென்பது ஒரு தவம். முழங்கை பட்ட இடமெல்லாம் தாள் நனைந்து மை ஊறிப் பரவும். எழுதிய செய்தியை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனால், கொடுத்துவிட்டு உடனே வெளியே வர ஒருவருக்கும் மனம் வராது. ஏதோ ஒரு சொல்லைத் திருத்துபவர்போல ஐந்து நிமிடமாவது நின்றுவிட்டுத்தான் வருவோம். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே செய்தியை இரண்டு தவணையாக எழுதிக் கொடுத்த நண்பர் ஒருவரும் எங்களிடையே இருந்தார்.

உள்ளே இருப்பவர்கள் பாக்கியசாலிகள் என்று நாங்கள் நினைத்தோம். அங்கு எழுத்துக் கோத்த பெண்பிள்ளைகளோ, கொழும்பு வெயிலில் பஸ்ஸில் நெரிபட்டு வந்து, கைப்பையிலிருந்து சுவெற்றர் எடுத்து அணிந்துகொண்டு வேலைக்கு அமர்வார்கள். குளிரைச் சற்றுக் குறைக்கலாமா என்று அவர்கள் கேட்டபோது, இயந்திரத்துக்கு இந்த அளவு குளிர் வேண்டும் என்று பொறியியலாளர் சொல்லியிருப்பதாக முகாமையாளர் பதிலளித்தார். வெளியே இருந்த நாங்கள் வியர்த்தோம். உள்ளே இருந்தவர்கள் நடுங்கினார்கள். அந்தக் கட்டடத்திலே அளவான சுவாத்தியத்தை அனுபவித்தவை அந்த நான்கு கணினிகள் மாத்திரமே.

இதை எங்கள் நிர்வாகத்தின் தனிக்குணம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். குளிரூட்டியின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது பிறவிக்குணம் என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் காணும் குளிரூட்டி பிறந்த இடமே ஓர் அச்சகந்தான்.

1902ஆம் ஆண்டு. நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் சாக்கெற்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில் பல வர்ணப் படங்கள் அச்சிடப்பட்டு வந்தன. பல வர்ணப் படம் என்பது ஒரே முறையில் அச்சாவதில்லை. ஒரு வர்ணத்தை அச்சிட்டு, அதே தாளின்மேல் அடுத்த வர்ணத்தை அச்சிடவேண்டும். காற்றில் ஈரப்பதன் கூடினால் தாள் நீரை உறிஞ்சி விரியும். குறைந்தால் சுருங்கும். நேற்று மஞ்சள் அச்சான தாள் இன்று மயிரிழை அளவு பெருத்திருந்தாலும் சிவப்பு அதன்மேற் சரியாக விழாது. உதடு ஓரிடத்திலும் உதட்டின் சிவப்பு இன்னோரிடத்திலுமாகப் படம் கோரமாகும். அந்நாளைய அச்சகத்தில் நின்றவர்களுக்கு இந்தத் தலைவேதனை தெரியும். அதைத் தீர்க்கும் பொறுப்பு வில்லிஸ் கரியர் என்ற இருபத்தைந்து வயதுப் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. குளிர்ந்த குழாய்களின்மேற் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தை ஓர் அளவில் நிறுத்தும் பொறியை அவர் வகுத்தார். அறையும் குளிர்ந்தது. ஆனால் அச்சகத் தொழிலாளருக்கு வியர்க்கிறது என்பதற்காக எவரும் அவரை அழைக்கவில்லை. காகிதத்துக்கு வியர்த்தது என்பதற்காகவே அழைத்தார்கள்.

காகிதத்தின் முறைப்பாட்டை முதலாளி செவிமடுத்ததற்குக் காரணம் எளியது. அதன் நட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. வர்ணம் விலகிய தாள்கள் குப்பைக்குப் போயின. எத்தனை தாள், எவ்வளவு பணம் என்று மாலையிலேயே கணக்குப் பார்க்கலாம். மனிதன் அப்படியல்லன். அவன் சூட்டில் விரிந்து வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதில்லை. சற்று மெதுவாகச் செய்வான்; ஒரு வரியை இரண்டு தரம் வாசிப்பான்; அல்லது வாசித்ததாக நினைத்துக்கொண்டு தாண்டிப் போவான். அந்த நட்டத்துக்கு அறையின் பெயர் வைக்கப்படுவதில்லை, அவனுடைய பெயரே வைக்கப்படுகிறது. அதற்குக் கவனயீனம் என்று ஒரு சொல்லும் இருக்கிறது.

அந்தச் சொல் என் பணிக்கோவையில் ஒரு தடவை ஏறியிருக்கிறது. எழுபதுகளில், வேறொரு காரியாலயத்தில், நான் ஒப்புநோக்குநராக இருந்த காலம். எங்கள் அறைக்கு அடுத்த அறையில் ஈயம் உருக்கினார்கள். நடுச்சுவர் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். தலைக்குமேல் ஒரேயொரு மின்குமிழ். அதன் மஞ்சள் வெளிச்சம் என் மேசைக்கு வருமுன்னர் என் தலையின் நிழல் வந்து விழுந்துவிடும். பக்கத்தில் ஒரு பையன் மூலப்பிரதியை வாசிக்க, நான் அச்சுப்படியைப் பார்த்துத் திருத்தவேண்டும். ஒரு நாள் ஏழு மணி நேரம் தொடர்ந்து பார்த்த பின்னர், இரவு ஒன்பது மணியளவில் மரண அறிவித்தல் பக்கம் வந்தது. பையனுக்குத் தூக்கம். எனக்குக் கண் எரிச்சல். பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாட் காலை பத்து மணிக்கு ஒரு முதியவர் குடையும் பத்திரிகையுமாக வந்து என் மேசைக்கு முன்னால் அமர்ந்தார். காலமானவருடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில், அறிவித்தலைக் கொடுத்த தம்பியாரின் பெயர் அச்சாகியிருந்தது. வந்திருந்தவர் அந்தத் தம்பியார்.

"தம்பி, செத்தது அண்ணை. நானில்லை. காலமையிலிருந்து என்ரை வீட்டுக்குச் சனம் வந்துகொண்டிருக்கு. நான் கதவைத் திறக்க, என்னைப் பார்த்திட்டு அழுகினம்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா" என்று சொன்னேன். அதற்குமேற் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. நிர்வாகம் என்னை விசாரித்தது. எத்தனை வருடச் சேவை, முன்பும் இப்படி நேர்ந்ததா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். எந்த அறையில், எந்த வெளிச்சத்தில், எத்தனையாவது மணித்தியாலத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை என்பதுதான் உண்மை. ஒரு நாட் சம்பளம் வெட்டப்பட்டது. வெப்பமும் வெளிச்சமுந்தான் அந்தப் பிழைக்குக் காரணம் என்று இன்றும் நான் சத்தியம் செய்யமாட்டேன். நல்ல அறையிலும் பிழை விட்டிருக்கலாம். ஆனால் அந்த மின்குமிழைச் சற்று முன்னே இழுத்துக் கட்டுவதற்கு ஆகும் செலவு, வெட்டப்பட்ட என் சம்பளத்திலும் குறைவு.

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினால் முகாமைத்துவம் படித்தவர்கள் உடனே எடுத்துக்காட்டும் ஆய்வொன்று உண்டு. சிக்காகோவுக்கு அருகில் வெஸ்ரேண் எலெக்ற்றிக் நிறுவனத்தின் ஹோதோர்ண் தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய பரிசோதனைகள் அவை. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது என்பது கதை. ஆகவே விளக்கும் கதிரையும் முக்கியமல்ல, தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வே தொழிலாளியை ஊக்குவிக்கிறது என்று பாடநூல்கள் எழுதின. ஹார்வார்ட் பேராசிரியர் எல்ற்றன் மேயோவின் பெயரோடு இந்தக் கருத்து உலகெங்கும் பரவியது. நிர்வாகங்களுக்கு இதைவிட மலிவான செய்தி வேறு கிடைக்குமா? மின்விசிறிக்குப் பணம் வேண்டும். தோளில் தட்டிக்கொடுக்கப் பணம் வேண்டியதில்லை.

அந்த வெளிச்சப் பரிசோதனைகளின் மூலத் தரவுகள் அழிந்துவிட்டன என்றே பலகாலம் கருதப்பட்டது. ஸ்டீவன் லெவிட், ஜோன் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அவற்றைத் தேடியெடுத்து மீண்டும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமையிலேயே மாற்றப்பட்டிருந்தது. சனிக்கிழமை உற்பத்தியோடு திங்கட்கிழமை உற்பத்தியை ஒப்பிட்டால் கூடுதலாகத்தான் தெரியும். வெளிச்சத்தை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை அப்படித்தான் கூடியிருந்தது. கதையிற் சொல்லப்பட்ட அளவுக்கு அற்புதம் எதுவும் தரவுகளில் இல்லை. ஆனால் எண்பது ஆண்டுகள் பழகிய கதையை ஓர் ஆய்வுக் கட்டுரை அசைத்துவிடுமா என்ன? முகாமைத்துவக் கருத்தரங்குகளில் அதை இன்னும் கேட்கிறேன்.

நம் நாட்டுச் சூட்டுக்கு நெருக்கமான உதாரணம் பெங்களூரிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் மின்கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பழைய விளக்குகளை அகற்றி எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். பழைய விளக்குகள் வெளிச்சத்தோடு வெப்பத்தையும் தையல் இயந்திரத்தின்மேற் கொட்டிக்கொண்டிருந்தன. புதியவை அந்த அளவுக்குக் கொட்டவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு நாளும் எத்தனை உருப்படி தைத்தது என்ற கணக்கு இருப்பதால், ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்தார்கள். வெப்பம் மிகுந்த நாட்களில் வழமையாக விழும் உற்பத்தி, விளக்கு மாற்றிய பின்னர் அந்த அளவுக்கு விழவில்லை. 2020இல் வெளியான அந்த ஆய்வின் கணக்குப்படி, மின்சேமிப்பை மட்டும் பார்த்தால் விளக்குகளின் செலவை மீட்க மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகும். தொழிலாளரின் கூடுதல் உற்பத்தியையும் சேர்த்தால் அந்தக் காலம் மிகவும் குறைந்துவிடும்.

இதிலே என்னை உறுத்துவது வேறொன்று. அந்த விளக்குகளும் தொழிலாளருக்காக மாற்றப்பட்டவையல்ல. மின்பட்டியலுக்காக மாற்றப்பட்டவை. புறூக்ளினில் 1902இல் நடந்ததுதான் மீண்டும் நடந்திருக்கிறது. நல்லது தற்செயலாக வந்துசேர்ந்தது; அளவிடக்கூடிய தொழிலாக இருந்தபடியால் அது நல்லது என்று தெரியவும் வந்தது. எங்கள் நாட்டிலும் துல்ஹிரியவில் 2008இல் மாஸ் நிறுவனம் திறந்த ஆடைத் தொழிற்சாலை, இயற்கை வெளிச்சத்துக்கும் நீராவியாதல் மூலமான குளிர்ச்சிக்கும் இடம்விட்டுக் கட்டப்பட்டது. வெளிநாட்டுக் கொள்வனவாளர் வந்து பார்க்கும் தொழில் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வெளியார் வந்து பார்க்காத இடங்களைப் பற்றியே எனக்குக் கவலை.

அளவையே அளவாகக் கொள்வதிலும் ஆபத்துண்டு. எங்கள் கணினி அறைப் பெண்கள் ஏன் நடுங்கினார்கள் என்பதற்கு 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். அலுவலகக் கட்டடங்களின் வெப்பநிலைக்கு அடிப்படையான கணக்கு, அறுபதுகளில், எழுபது கிலோ எடையும் நாற்பது வயதுமுள்ள ஓர் ஆணின் உடற்சூட்டை வைத்து வகுக்கப்பட்டது என்பதே அது. இயந்திரத்துக்கு அடுத்தபடியாக மனிதனைக் கவனித்தபோதும், ஒரு மனிதனைத்தான் கவனித்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் லீ குவான் யூ இந்த விஷயத்தில் வெளிப்படையானவர். 1959இற் பிரதமரானதும் தாம் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று, அரச ஊழியர்கள் பணியாற்றும் கட்டடங்களிற் குளிரூட்டி பொருத்தியது என்றும், பொதுச்சேவையின் திறனுக்கு அது முக்கியமாக இருந்தது என்றும் பின்னாளில் நேர்காணலொன்றிற் கூறினார். எழுதுவினைஞனின் மூளையும் காகிதத்தைப் போல ஈரத்தால் ஊதிப்போகும் என்பதைக் கண்டுகொண்ட அரசியல்வாதி அவர். அதே நகரின் கட்டட வேலைத்தலங்களில் நடு வெயிலில் நிற்கும் தமிழகத்துப் பிள்ளைகளைக் காணும்போது, அந்தக் குளிர் எந்த வாசலில் நின்றுவிட்டது என்றும் நினைக்காமலிருக்க முடிவதில்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் என்னை மறித்துக் கேட்கக்கூடும். 1990 யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர், மின்சாரம் அறவே இல்லாத யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் வெளிவரவில்லையா? ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் ஒப்புநோக்கவில்லையா? சைக்கிளை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டுச் செய்தி எழுதவில்லையா? பத்திரிகைத்தாள் தீர்ந்தபோது கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சிடவில்லையா? உண்மை. அவர்களுட் பலர் என் நண்பர்கள். அவர்களை நினைக்கும்போது தலை வணங்குகிறேன். இந்தக் கதைகளை நானே மேடைகளிற் பல தடவை சொல்லி, இளையவர்களைப் பார்த்து, உங்களுக்கு எல்லா வசதியும் இருந்தும் ஒரு செய்தியைப் பிழையின்றி எழுத வரவில்லையே என்று கடிந்தும் இருக்கிறேன்.

அப்படியொரு கூட்டத்தின் முடிவில் இளம் செய்தியாளர் ஒருத்தி என்னிடம் வந்தார். "சேர், அவையளுக்கு ஒரு லைற் இருந்திருந்தா இன்னும் நல்லாச் செய்திருப்பினம்தானே?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பின்னர் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த விளக்கு வெளிச்சத்திலே கண் கெட்டுத் தொழிலை விட்டுப்போனவரை நான் மேடையில் ஒருபோதும் குறிப்பிட்டதில்லை. தாக்குப்பிடித்தவர்களின் கதையைத்தான் நாங்கள் சொல்லுகிறோம், தாக்குப்பிடிக்க நேர்ந்ததையே ஒரு தகுதிபோல ஆக்கிவிடுகிறோம். எந்த நிர்வாகமும் எங்கள் வாயிலிருந்து கேட்க விரும்பும் கதை அது. முதியவர்களாகிய நாங்கள் அதை இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறோம்.

இனி மலையகத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதத் தூண்டியதே அங்கு கண்ட ஒன்றுதான்.

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிக்குப் போனவர்களுக்குக் கொழுந்து வாட்டும் இடம் தெரிந்திருக்கும். நீண்ட தொட்டிகளில் வலை விரித்து, பறித்த கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து பெரிய விசிறிகளாற் காற்றுச் செலுத்துவார்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் கொழுந்து அந்தக் காற்றிலே கிடக்கும். மழைநாளில் ஈரம் கூடினால் வெந்காற்றைக் கலந்து விடுவார்கள். ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பார்கள். நடு இரவிலும் ஒருவர் எழுந்துவந்து கொழுந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள் என்றால் மிகையில்லை. அந்தக் கவனிப்புக்கு நான் குறை சொல்லவரவில்லை. நல்ல தேயிலைக்கு அது வேண்டும்.

அந்தக் கொழுந்தைப் பறித்தவர் உறங்குவதோ 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில். அதிலே அடுப்பும் இருக்கும், மூன்று தலைமுறையும் இருக்கும். காலையில் அவர் ஏறும் மலையில் ஒதுங்க ஒரு மறைப்பும் இருக்காது. மலசலகூடம் இல்லாதபடியால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதாகப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நெரிசல், வெப்பநிலை, காற்றோட்டம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றையும் பேசுகிறது. ஆனால் அது தொழிற்சாலைச் சட்டம். கொழுந்து தொழிற்சாலை வாசலைக் கடந்து உள்ளே போகும்போதுதான் அந்தச் சட்டமும் தொடங்குகிறது.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளியானபோது, கம்பனிகளின் பக்கத்திலிருந்து ஓயாமல் ஒலித்த சொல் உற்பத்தித்திறன். பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். உற்பத்தித்திறன் என்ற அந்த விவாதத்தில் நிழலையும் தண்ணீரையும் மலசலகூடத்தையும் பற்றிக் கம்பனிகள் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கட்டுரையாளனாக நானும் அந்நாட்களிற் கூலியைப் பற்றி மட்டுமே எழுதினேன்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சில காலத்துக்கு முன்னர் சென்றிருந்தேன். ஊவாவிற் காய்ந்த காற்று வீசும் ஆடி மாதம். மத்தியான நிறுவை நேரம். கொழுந்து மடுவத்துக்குத் தகரக்கூரை போட்டு, பக்கவாட்டில் ஓலையும் கட்டியிருந்தார்கள். உள்ளே தராசும் கொழுந்துச் சாக்குகளும். பெண்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்றார்கள். முறை வருமுன்னரே சாக்கை உள்ளே நிழலில் வைத்துவிட்டு, தாங்கள் மட்டும் திரும்பி வந்து வரிசையில் நின்றுகொண்டார்கள். அவர்களும் உள்ளே நிற்கலாமே என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டேன்.

"எடம் பத்தாது சேர். கொழுந்து வெயில்ல கெடந்தா சூடேறிப் பழுத்துரும். அப்புறம் பெக்டரியில எடுக்க மாட்டாங்க."

வரிசையின் கடைசியில் நின்ற அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்கு மலை ஏறியவர். போத்தலிற் கொண்டுவந்த தேநீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டதாம். பின்னேர நிறுவை வரைக்கும் அங்கேயே இருந்து பார்த்தேன். அன்றைய அளவு 18 கிலோ. அவருடைய கொழுந்து மொத்தம் 17 கிலோ என்று கணக்குப்பிள்ளை எழுதினார்.